எதிரொலிக்குக் காரணம் எதிர்முனையில்

‘நான் பேசுவது எனக்கே திரும்பக் கேட்கிறது’ என்ற புகார் எழாத இணையவழிக் கூட்டங்கள் குறைவு. அப்படிச் சொல்பவரிடமே, ‘உங்கள் மைக்கைச் சரிபாருங்கள்’ என்று மற்றவர்கள் கூறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவரும் இணைப்பைத் துண்டித்துவிட்டு மீண்டும் வருவார். எதிரொலி நிற்காது. ஏனெனில், பழுது பெரும்பாலும் அவரிடம் இருப்பதில்லை.

என் குரல் உங்கள் அறையின் ஒலிபெருக்கி வழியே வெளிவருகிறது. அதை உங்கள் ஒலிவாங்கி உள்வாங்கி, சற்றுத் தாமதமாக எனக்கே திருப்பி அனுப்புகிறது. எதிரொலியைக் கேட்பவன் நான். உண்டாக்குவது உங்கள் அறை. உங்களுக்கோ எல்லாம் தெளிவாகவே கேட்கும்.

இது இணையத்தோடு பிறந்த சிக்கல் அன்று. சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ள செயற்கைக்கோள் வழியே தொலைபேசி அழைப்புகள் செல்லத் தொடங்கியபோது, திரும்பி வரும் குரல் ஏறக்குறைய அரை நொடி தாமதமாகக் கேட்டது. தாமதம் மிகக் குறைவாக இருந்தால் காது அதைத் தனியே பிரித்தறியாது. கூடினால் பேச்சு தடுமாறும். இதற்குத் தீர்வாக 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எதிரொலி நீக்கி உருவானது. இந்தியாவில் பிறந்த மன் மோகன் சோந்தி அதன் முன்னோடிகளுள் ஒருவர்.

இன்றைய கைபேசியிலும் கணினியிலும் இயங்குவது அதே கோட்பாடுதான். ஒலிபெருக்கிக்குச் செல்லும் குரல் எது என்பது கருவிக்குத் தெரியும். அது அறையில் பட்டு எவ்வாறு திரும்பும் என்பதைக் கணித்து, ஒலிவாங்கியில் பதிவாவதிலிருந்து கழித்துவிடுகிறது. ஒலியளவு மிகுந்து ஓசை சிதைந்தாலோ, புளூடூத் ஒலிபெருக்கியால் தாமதம் மாறினாலோ இந்தக் கணிப்பு பிழைபடலாம். ஒரே அறையில் இருவர் தனித்தனிக் கருவிகளில் இணைந்தாலும் சிக்கல்தான். ஒரு கருவி ஒலிப்பது மற்றதற்குத் தெரியாது.

மூலத்தைக் கண்டறிவது எளிது. எதிரொலி கேட்பவர் தொடர்ந்து பேச, மற்றவர்கள் ஒவ்வொருவராக மைக்கை அணைக்க வேண்டும். யார் அணைத்ததும் எதிரொலி நிற்கிறதோ, அவருடைய அறையே காரணம். அவர் ஹெட்போன் அணிந்தால் பெரும்பாலும் போதும். இல்லாவிட்டால் ஒலியளவைக் குறைத்து, மைக்கை ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி வைக்கலாம். எல்லோரும் அணைத்த பிறகும் கேட்டால் மட்டுமே, புகார் சொன்னவர் தம்மிடம் அதே கூட்டம் இன்னொரு கருவியில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதை வெறும் தொழில்நுட்பத் தொல்லையாக நான் கருதவில்லை. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பிறகு நீதிமன்ற விசாரணையும் மருத்துவ ஆலோசனையும் வேலைக்கான நேர்காணலும் இணையத்தில் நடப்பது இயல்பாகிவிட்டது. நேர்காணல் குழு ஓர் அறையில் ஒலிபெருக்கியின் முன் அமர்ந்திருக்க, விண்ணப்பதாரர் தம் குரலோடு தாமே போராடுகிறார். அவர் திணறுவது தயக்கமாகவோ, பாட அறிவின் குறையாகவோ மதிப்பிடப்பட்டுவிடும் ஆபத்து உண்டு. மதிப்பிடுபவருக்கு எதிரொலி கேட்பதே இல்லை. அதிகாரத்தின் முன் பேசுபவர் குறுக்கிட்டுப் புகார் சொல்லவும் தயங்குவார்.

ஆகவே, ‘உங்கள் குரல் உங்களுக்கே திரும்பக் கேட்கிறதா?’ என்று தொடக்கத்திலேயே கேட்பது கூட்டத்தை நடத்துபவரின் கடமை. கேட்கிறது என்று பதில் வந்தால், முதலில் சரிபார்க்க வேண்டியது தமது அறையையே.