வீட்டுக் கணனியின் வெப்பநிலை

பொறி எதுவாயினும், தான் பெறும் சத்தியின் ஒரு பகுதியை வெப்பமாக இழந்தே தொழில் புரிகின்றது. நீராவி இயந்திரத்திலும் மோட்டார் வண்டியிலும் இவ்விழப்பு யாவர்க்கும் கண்கூடு. அசையும் உறுப்பு யாதுமில்லாத கணனிச் செயலியிலோ இது இன்னும் முற்றாக நிகழ்கின்றது. செயலி கொள்ளும் மின்சத்தி ஏறத்தாழ முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. இதனை அறியாமையால், பழுதேதுமற்ற கணனிகள் முதுமையுற்றன எனக் கருதப்பட்டு ஒதுக்கப்படுதலும், மாணவனின் கல்விக்கென வைத்த பணம் வேண்டாத புதுக் கணனிக்குச் செலவாதலும் உண்டு. ஆதலின், வெப்பம் பிறக்குமாற்றையும், அதனை அளக்குமாற்றையும், தணிக்குமாற்றையும் ஈண்டு முறையே நோக்குவாம்.

செயலி என்பது விரல் நகமளவான சிலிக்கன் சில்லு. அதனுள்ளே கோடிக்கணக்கான திரான்சிற்றர்கள் மின் ஆளிகளாக அமைந்துள்ளன. அவை நிலைமாறுந்தோறும் மிகச் சிறிய கொள்ளளவங்கள் மின்னேற்றம் பெற்று இழக்கின்றன. இதனாற் செலவாகும் வலு, கொள்ளளவம், மின்னழுத்தத்தின் வர்க்கம், மீடிறன் ஆகிய மூன்றின் பெருக்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தம் வர்க்கமாக வருதல் கருதத்தக்கது. மின்னழுத்தத்தையும் மீடிறனையும் பத்திலொரு பங்கு குறைப்பின், இவ்வலு 0.9 இன் மூன்றாம் அடுக்காகிய 0.729 மடங்காகின்றது. வேகத்திற் பத்து வீதத்தை விட்டுக்கொடுத்தால் வெப்பத்தில் 27 வீதம் குறைகின்றது. இதனோடு, ஆளிகள் ஓய்ந்திருக்கும்போதும் சிறிது மின்னோட்டம் கசிகின்றது. சூடு ஏற இக்கசிவும் ஏறும்.

1971 ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்களே இருந்தன. அதனைக் குளிர்விக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. திரான்சிற்றரின் பருமனைச் சுருக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்திற் குறைப்பின், சில்லின் ஒரு சதுர அலகிற் பிறக்கும் வெப்பம் மாறாதிருக்கும் என 1974 இல் றொபேட் டெனாட் என்னும் பொறியியலாளரும் அவர்தம் குழுவினரும் விளக்கினர். மூன்று பத்தாண்டுகள் வரை இவ்விதி தொழிலுக்கு வழிகாட்டியது. பின்னர், கசிவு மின்னோட்டம் மிகுந்தமையால், மின்னழுத்தத்தை அவ்வாறு குறைத்துச் செல்லல் இயலாதாயிற்று. 2004 இல் வெளிவந்த ‘பிரெஸ்கொற்’ வகைப் பென்ரியம் 4 செயலிகளின் சில்லு 1.12 சதுர சென்ரிமீற்றர் பரப்புடையது. அவற்றுள் வேகம் மிக்கவை 115 வாற்று அளவான வெப்பத்தை வெளிவிட்டன. 18 சென்ரிமீற்றர் விட்டமும் 1,500 வாற்று வலுவுமுள்ள மின்னடுப்பொன்றில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 6 வாற்றே அமைகின்றது; இச்செயலியிலோ 100 வாற்றுக்கு மேல். 4 கிகாஹேர்ட்ஸ் வேகமுள்ள பென்ரியம் 4 செயலியை வெளியிடும் எண்ணத்தை அந்நிறுவனம் அவ்வாண்டு ஒக்ரோபரிற் கைவிட்டது. வேகத்தை மேலும் கூட்டுவதை விடுத்து, ஒரே உறையுள் இரு கருக்களை வைக்கும் முறை 2005 இல் வீட்டுக் கணனிகளுக்கு வந்தது.

இத்துணைச் சூட்டைச் செயலி எங்ஙனம் தாங்குகின்றது? 2001 இல் ‘ரொம்ஸ் ஹாட்வெயார்’ என்னும் கணனி ஆய்வு வெளியீட்டினர், இயங்கிக்கொண்டிருந்த செயலிகளின் மேலிருந்த குளிர்விக்கும் தொகுதியை அகற்றிக் காட்டினர். ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லோன் செயலி உடனே எரிந்து கெட்டது. பென்ரியம் 4 செயலியோ தன் வேகத்தைத் தானே தாழ்த்திக்கொண்டு தொடர்ந்து இயங்கியது. இன்று இரு நிறுவனங்களின் செயலிகளும் இத்தகைய தற்காப்பு உடையன. வெப்பநிலை எல்லையை நெருங்கியதும் மீடிறனும் மின்னழுத்தமும் குறைக்கப்படும். அதன் பின்னரும் சூடு ஏறின் கணனி தானே நின்றுவிடும். எனவே இக்காலத்திற் சூட்டினாற் செயலி எரிதல் அரிது. சூடு மந்தமாகவே வெளிப்படுகின்றது. உரிமையாளர் காண்பது வேகங்குன்றிய கணனியை மட்டுமே. அதன் காரணம் அவர்க்குப் புலப்படுவதில்லை. அளவீடு இன்றியமையாததாவது இதனாலேயே.

அளக்கும் கருவி செயலியினுள்ளேயே உளது. மாறா மின்னோட்டம் செல்லும் சிலிக்கன் இருவாயி ஒன்றின் மின்னழுத்தம், வெப்பநிலை ஒரு பாகை ஏறுந்தோறும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ற்று குறையும். இத்தகைய இயல்பைக் கொண்டு சில்லின் பல இடங்களில் வெப்பநிலை உணரப்படுகின்றது. விண்டோஸ் கணனிகளில் ‘கோர் ரெம்ப்’, ‘எச்.டபிள்யு. இன்ஃபோ’ போன்ற மென்பொருள்களும், லினக்ஸில் ‘எல்.எம். சென்சர்ஸ்’ என்பதும் இவ்வளவுகளைத் திரையிற் காட்டும். எல்லை யாது என்பதையும் அறிதல் வேண்டும். இன்ரெல் செயலிகள் பலவற்றுக்கு அது 100 பாகை செல்சியஸ். 2022 இல் வெளிவந்த ஏ.எம்.டி. றைசன் 7000 வரிசையில், கடும் பளுவின்போது 95 பாகையில் நின்று இயங்குமாறே வகுக்கப்பட்டவையும் உள.

ஆதலின் தனி எண்ணொன்றைக் கண்டு அஞ்சுதலும் மகிழ்தலும் பொருந்தா. அறையின் வெப்பநிலைக்கும் செயலியின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடே கருதத்தக்கது. சூடான பொருள் வெப்பத்தை இழக்கும் வீதம், சுற்றாடலுடன் அதற்குள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்னும் நியூற்றனின் குளிரல் விதியை மாணவர் அறிவர். எடுத்துக்காட்டாக, ஒரு வாற்றுக்கு 0.6 பாகை ஏற்றம் தரும் குளிர்விப்புத் தொகுதியின் கீழ் 60 வாற்றுச் செயலி ஒன்று இயங்குவதாகக் கொள்வோம். ஏற்றம் 36 பாகை. 20 பாகையுள்ள குளிர்நாட்டு அறையிற் செயலி 56 பாகையிலும், சித்திரை மாதத்து நம் வீட்டில், 32 பாகையுள்ள அறையில், 68 பாகையிலும் நிற்கும். இரண்டும் நலமே. தூசி அடைத்து அவ்வேற்றம் வாற்றுக்கு 1.1 பாகையாயின், குளிர்நாட்டிற் செயலி 86 பாகையிலும், இங்கே 98 பாகையிலும் நிற்கும். அங்கே பொறுத்துக்கொள்ளப்படும் தூசி இங்கே கணனியை முடக்குவது இவ்வாறே.

அளவிடுமுறை எளிது. முதலில் அறையின் வெப்பநிலையைச் சுவர் வெப்பமானியாற் குறித்துக்கொள்க. கணனியைக் கால் மணி நேரம் ஓய்வாக விட்டு ஓரளவும், அதன் பின் காணொளியொன்றை உருமாற்றுதல் போன்ற பளுவான வேலையைக் கால் மணி நேரம் கொடுத்து மற்றோரளவும் எடுக்க. வெப்பநிலையோடு மீடிறனையும் எழுதுக. மூன்று திங்களுக்கொருமுறை இதனைச் செய்து குறிப்பேட்டில் வைத்தால், மாற்றம் தானே விளங்கும். பளு தொடங்கிய சில நொடிகளிலேயே வெப்பநிலை எல்லைக்குத் தாவி அங்கேயே நிற்பின், சில்லுக்கும் குளிர்விக்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள தொடுகையிற் குறை உண்டென ஐயுறலாம். நிமிடக்கணக்கில் மெல்ல ஏறிச் சென்று எல்லையை எட்டின், காற்றோட்டத்தில் தடை உளது எனலாம். சில நொடிகள் மட்டும் எழுந்து தணியும் ஏற்றம் இயல்பானது.

இனிப் பரிகாரம். தூசியே முதற் பகை. கணனியை நிறுத்தி, மின்னிணைப்பைக் கழற்றி, ‘ஹீற் சிங்க்’ என வழங்கும் உலோகச் சிறகுத் தொகுதியையும் விசிறியையும் மெல்லிய தூரிகையாலோ காற்றாலோ துப்புரவு செய்க. காற்றை ஊதுங்கால் விசிறி கட்டின்றிச் சுழலாதவாறு அதனைப் பிடித்துக்கொள்ளல் வேண்டும். கணனிப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வையற்க. மடிக்கணனியை மெத்தைமேல் வைத்து இயக்கற்க. தொடுகையிற் குறையிருப்பின், கடைகளில் ‘தேர்மல் பேஸ்ற்’ என விற்கப்படும் வெப்பப் பசையைப் புதுக்குதல் வேண்டும். உலோகப் பரப்புகளின் நுண்ணிய பள்ளங்களிற் காற்று தங்குகின்றது. காற்றோ வெப்பத்தை மிக அரிதிற் கடத்துவது. பசையின் தொழில் அப்பள்ளங்களை நிரப்புவதே. செம்பு பசையினும் பன்மடங்கு நன்றாகக் கடத்துமாதலால், பசையைத் தடிப்பாகப் பூசுதல் தீமையே பயக்கும். மடிக்கணனியைத் திறக்கும் பயிற்சியில்லாதோர் இதனைத் தொழில்நுட்பவியலாளரிடம் விடுதல் நன்று.

இவற்றின் பின்னரும் சூடு மிகுந்திருப்பின், முற்கூறிய கணக்கு உதவும். விண்டோஸின் மின்வலு அமைப்பிற் செயலியின் உச்சநிலையை 99 வீதமாக வைத்தால், பல கணனிகளிற் செயலி தன் அடிப்படை மீடிறனுக்கு மேல் எழுவது நின்றுவிடும். கட்டுரை எழுதுதற்கும் பாடங்களைப் பார்த்தற்கும் இவ்வேகம் போதியது. விசிறியின் இரைச்சலும் அடங்கும்.

மந்தமாகிய கணனி யாவும் வெப்பத்தால் மந்தமாயின அல்ல. நினைவகம் போதாமையும் பழைய வன்தட்டும் காரணமாதல் உண்டு. பளுவின்போது வெப்பநிலை எல்லைக்குக் கீழே நிற்கவும் கணனி மந்தமாயிருப்பின், குறை வேறிடத்தது எனத் துணியலாம். எவ்வாறாயினும், கணனியை ஒதுக்கிவிட்டுப் புதியதொன்றுக்குப் பணம் தேடப் புறப்படுமுன், அரை மணி நேரம் செலவிட்டு அதன் வெப்பநிலையை அளந்தறிதல் வீட்டாரின் கடனாகும்.