சாகாவரம் கிடைத்தால் லயத்து வீடு யாருக்கு?

காலில் விழும் பிள்ளைகளை, "நூறு வயது வாழ்க" என்று பெரியவர்கள் வாழ்த்துவது நம் வழக்கம். அந்த வாழ்த்து இரட்டிப்பாகப் பலித்து, எல்லாரும் இருநூறு வயது வரை இருந்தால் என்ன ஆகும்? சற்றே எண்ணிப் பாருங்கள்.

வெறும் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். 1957-இல் நாடு சுதந்திரம் பெற்றபோது இங்குச் சராசரி ஆயுள் அறுபதைக்கூட எட்டவில்லை. குழந்தைச் சாவு அதிகம், மலேரியாவும் வாட்டியது. நல்ல குடிநீர், தடுப்பூசி, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் ஆகியவற்றின் பயனாக இன்று அது ஏறக்குறைய 75. பிரான்சு நாட்டு ஜான் கல்மான் அம்மையார் 122 வயது வாழ்ந்து 1997-இல் காலமானார். முதுமையையே தடுக்க முடியுமா என்று ஆராயும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள்.

இதன் விளைவைக் கதாசிரியர்கள் முன்பே யோசித்துவிட்டார்கள். 1726-இல் ஜோனதன் சுவிஃப்ட் எழுதிய 'கலிவரின் பயணங்கள்' நூலில் சாவே இல்லாத சிலர் வருகிறார்கள். சாவுதான் இல்லை, மூப்பு உண்டு. பல்லும் முடியும் கொட்டி, ஞாபகமும் போய்விடும். எண்பது வயதானதும் சட்டம் அவர்களை இறந்தவர்களாகக் கருதி, சொத்தை வாரிசுகளிடம் கொடுத்துவிடும். இல்லையேல் நாடு முழுவதும் அவர்கள் கைக்கே போய்விடுமாம்!

நம் மகாபாரதத்து யயாதியும் சாபத்தால் வந்த முதுமையைப் பொறுக்காமல், பெற்ற பிள்ளைகளிடமே இளமையை யாசித்தான். கடைசி மகன் புரு மட்டும் கொடுத்தான். ஆயிரம் ஆண்டு அனுபவித்தும் ஆசை தீராது என்று உணர்ந்த பிறகே, இளமையையும் அரசையும் மகனிடம் ஒப்படைத்தான். தந்தை இளமையோடு இருந்த காலமெல்லாம் மகன் கிழவனாக இருந்தான் என்பதைக் கவனியுங்கள்.

இதைக் கெடாவுக்குக் கொண்டு வருவோம். பீடோங்கிலோ கூலிமிலோ ஒரு தோட்டம். பெரிய கிராணிக்கு 170 வயது, தண்டலுக்கு 150. பேரன், கொள்ளுப்பேரன் எல்லாரும் பால்வாளியோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்! பதவி எப்போது காலியாகும்? லயத்து வீடோ வேலையோடு வந்தது. வேலை நின்றால் வீடும் போய்விடும் என்றால் எந்தக் கிழவர் வேலையை விடுவார்?

சிரிக்கிறோம். ஆனால் இதில் ஒரு பங்கு நமக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. ஊழியர் சேமநிதியை 55 வயதில் எடுக்கலாம். தனியார் துறையில் 2013 முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அதன்பின் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழ்வோர் பலர். சேமநிதிப் பணத்தை மகள் கல்யாணத்திலும் புது மோட்டார் சைக்கிளிலும் கரைத்துவிட்டால், அத்தனை ஆண்டுகளுக்கும் சோறு எங்கே? சுங்கைப் பட்டாணி சுற்றுவட்டாரத்தில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தையும் நம்பியிருக்க முடியாது.

ஆகவே, ஆயுளைக் கூட்டுவது மருத்துவர் வேலை. கூடிய ஆயுளுக்கு வழி செய்வது நம் வேலை. கையில் பலம் இருக்கும்போதே சிறிதாயினும் சொந்த வீட்டுக்கு வழி தேடுங்கள். சேமநிதியை ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். பொறுப்புகளைப் பிள்ளைகளிடம் காலத்தோடு கொடுத்துப் பழக்குங்கள். பிள்ளைகளே, யயாதியின் மகனைப்போல உங்கள் இளமையைக் கொடுக்க வேண்டாம். பெற்றவர்களுக்கு ஒரு வேளைச் சோறும், பேச ஒரு நாழிகையும் கொடுத்தால் போதும். அது இருந்தால்தான் நூறு வயது வாழ்த்து வாழ்த்தாக இருக்கும்.