மானாவாரிச் சாகுபடியும் சேத நிவாரணத் தொகையும்

ஓட்டப்பிடாரம் தாலுகா பெரும்பாலும் வானம் பார்த்த கரிசல் பூமியாகும். புரட்டாசி, ஐப்பசியில் உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம், பருத்தி முதலியவற்றை விதைத்து, வடகிழக்குப் பருவ மழையை நம்பியே குடியானவர்கள் காலங்கழித்து வருகின்றனர். அம்மழை பொய்த்தாலும் நஷ்டம், மிகுந்தாலும் நஷ்டம். 2016-ம் வருஷத்தில் மழை பொய்த்தமையால், 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களும் வறட்சியுற்றவையென அறிவிக்கப்பட்டன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளிலோ தூத்துக்குடி ஜில்லா வெள்ளத்தில் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இவ்விரு சமயங்களிலும் சர்க்கார் நிவாரணத் தொகை அறிவித்தது.

இத்தொகை இழந்த மகசூலின் கிரயம் அன்று. விதையும் உரமும் வாங்கி மீண்டும் ஏர் பூட்டுவதற்கான ஒத்தாசையேயாகும். தாது வருஷப் பஞ்சத்திற்குப் பின், 1884-ம் வருஷத்து விவசாயிகள் கடன் சட்டப்படி கொடுக்கப்பட்ட தக்காவியைத் திருப்பிச் செலுத்த வேண்டியிருந்தது. இத்தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டுவதில்லை. இதற்கான மாநிலப் பேரிடர் நிதியில் 75 சதவிகிதம் மத்திய சர்க்காரின் பங்கு. 25 சதவிகிதம் மாநில சர்க்காரின் பங்கு.

2022-23 முதல் 2025-26 வரைக்கான விதிகளின்படி, ஹெக்டேர் ஒன்றுக்கு மானாவாரிப் பயிருக்கு ரூ. 8,500-ம், பாசனப் பயிருக்கு ரூ. 17,000-ம், பல்லாண்டுப் பயிருக்கு ரூ. 22,500-ம் நிர்ணயிக்கப்பட்டன. சேதம் 33 சதவிகிதமாவது இருத்தல் வேண்டும். 2015-க்கு முன் இவ்வெல்லை 50 சதவிகிதமாக இருந்தது. ஒருவருக்கு இரண்டு ஹெக்டேர் வரையில்தான் கணக்கிடப்படும். ஆகவே மூன்று ஏக்கர் உளுந்தை இழந்தவருக்குச் சுமார் ரூ. 10,300 கிடைக்கும், ஏழு ஏக்கர் இழந்தவருக்கும் ரூ. 17,000-க்கு மேல் கிடையாது.

சேதத்தை ரெவினியூ இலாகாவும் விவசாய, தோட்டக்கலை இலாகாக்களும் கூடிக் கணக்கெடுக்கின்றன. அப்போது முதலில் பார்க்கப்படுவது அடங்கலே. எந்த சர்வே நம்பரில், எவர், என்ன பயிர், எவ்வளவு பரப்பில் சாகுபடி செய்தார் என்பதைக் காட்டும் கிராமக் கணக்கு அதுவாகும். முன்னாளில் கர்ணம் எழுதிவந்த இக்கணக்கு, 1980-ல் அப்பதவி ஒழிந்தபின் கிராம நிர்வாக அதிகாரியின் பொறுப்பாயிற்று. உளுந்து விதைத்த நிலம் தரிசென்று பதிவாகியிருப்பின், வெள்ளம் வடிந்தபின் எத்தனை மனுச் செய்தாலும் பயன் சொற்பமே.

பட்டா காலஞ்சென்ற தந்தையின் பெயரிலேயே இருத்தல், கூட்டுப் பட்டாவில் பங்கு பிரியாதிருத்தல், பாங்கிக் கணக்கு செயலற்றுக் கிடத்தல் ஆகியவையும் தடைகளாகும். குத்தகைதாரரின் நிலை இன்னும் கஷ்டமானது. உழுது விதைத்தவர் அவராயினும், அடங்கலில் அவர் பெயர் இல்லாவிடில் தொகை பட்டாதாரருக்குப் போய்விடக்கூடும். 1969-ம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தம் உரிமையைப் பதிவு செய்துகொள்வது அவருக்குப் பாதுகாப்பாகும்.

நிவாரணம் வேறு, பயிர் இன்ஷூரன்ஸ் வேறு என்பதையும் அங்கத்தினர்கள் மனதிற்கொள்ள வேண்டும். 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ராபிப் பருவப் பயறுகளுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதமும், பருத்தி, மிளகாய் போன்றவற்றிற்கு 5 சதவிகிதமும் குடியானவரின் உச்சவரம்புப் பிரிமியமாக வகுக்கப்பட்டது. அதில் இழப்பு பொதுவாக ஒருவரது வயலைக் கொண்டன்றி, அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது பிர்க்காவின் சராசரி மகசூலைக் கொண்டே தீர்மானிக்கப்படும்.

2017-ல் நிவாரணத்தோடு, கூட்டுறவுப் பயிர்க் கடன்களை மத்திய காலக் கடன்களாக மாற்றவும் சர்க்கார் அறிவித்தது. கடன் தவணை தள்ளிப்போவதும் ஒருவகை நிவாரணமே. ஆகையால் ஒவ்வொரு சங்கமும் கார்த்திகை பிறக்குமுன் ஒரு கூட்டம் கூட்டி, அங்கத்தினரின் பட்டா, அடங்கல், பாங்கிக் கணக்கு மூன்றையும் ஒத்துப்பார்த்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளச் செய்தல் நலம். மழையை நிறுத்த எவராலும் இயலாது. ஏட்டிலுள்ள பிழையைத் திருத்தச் சங்கத்தால் இயலும்.