எதுவரைக்கும் வருது?

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "சிஸ்டம் ஆன் ஆகல." விஷயம் தெரிந்த மெக்கானிக் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார்: "எதுவரைக்கும் வருது?"

அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் பாதிப் பழுது அங்கேயே பிடிபட்டுவிடும். ஆனால் நம்மில் பலர் அதைக் கவனித்து வைப்பதில்லை. ஃபேன் சுற்றி, திரை கறுப்பாகவே இருந்தாலும், கம்பெனி லோகோவோடு நின்றுவிட்டாலும், விண்டோஸ் பாதி வந்து நீலத்திரை விழுந்தாலும் எல்லாமே நமக்கு 'ஆன் ஆகல'தான். மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வரும் வரை நடப்பவை வரிசையாகத்தான் நடக்கும். ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது. எங்கே நிற்கிறதோ அதற்கு முந்தையதெல்லாம் அநேகமாகச் சரி என்று தள்ளிவிட்டு, நின்ற இடத்தில் தேடலாம்.

முதல் இடம் மின்சாரம். சுவிட்சை அழுத்தியதும், மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். தன் வோல்டேஜ்கள் நிலைப்பட்டுவிட்டனவா என்று பார்த்து, அரை நொடிக்குள் 'பவர் நல்லா இருக்கு' என்ற சிக்னலை மதர்போர்டுக்கு அனுப்புகிறது. அது வராதவரை பிராசஸர் ஓர் அடிகூட எடுத்து வைக்காது. லைட் இல்லை, ஃபேன் இல்லை, சத்தமும் இல்லை என்றால் பிரச்சினை பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான். வயர், பிளக், யூபிஎஸ் என்று வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே உள்ளே வர வேண்டும். பெட்டியைத் திறப்பதாக இருந்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் போர்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பவர் சரியாக இருந்தால் பிராசஸர் விழித்துக்கொண்டு, தனக்கென்று நிர்ணயிக்கப்பட்ட ஒரு முகவரிக்குப் போய் முதல் கட்டளையைப் படிக்கிறது. அது போர்டில் உள்ள சிறிய ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது. பழைய பெயர் பயாஸ். இப்போதுள்ள இயந்திரங்களில் யூ.இ.எஃப்.ஐ. இந்த நேரத்தில் ரேம் இன்னும் வேலைக்கு வந்திருக்காது. எவ்வளவு ரேம் இருக்கிறது, எந்த வேகத்தில் பேசினால் பிழையில்லாமல் பேசும் என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் அதைப் பயன்படுத்த முடியும். அதுவரை பிராசஸர் தன்னுள்ளே இருக்கும் கேஷ் நினைவகத்தை வைத்தே ஒப்பேற்றுகிறது. டிடிஆர்5 ரேம் புதிதாகப் போட்ட கம்ப்யூட்டர் முதல் தடவை சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு நிற்பது இந்தச் சோதனையால்தான். பயந்துபோய் நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை என்றால் கடைக்காரர்கள் முதலில் கை வைப்பது ரேமில்தான். டெஸ்க்டாப்பில் போடும் ஒரு டிடிஆர்4 ரேமின் அடியில் 288 தொடுமுனைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு தூசியாலோ அழுக்காலோ சரியாகத் தொடாமல் போனாலே போதும், கம்ப்யூட்டர் அங்கேயே நின்றுவிடும். ரேமைக் கழற்றி, பொன்னிறமான அந்த விளிம்பைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, இரண்டு பக்கமும் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுவார்கள். விவரம் தெரியாதவர்களுக்கு இது ஏதோ கைவைத்தியம் போலத் தெரியலாம். காரண காரியம் தெரிந்து செய்கிற வேலை இது. அழுத்தித் தேய்க்காமல் இருந்தால் போதும். மேல் பூச்சு மிக மெல்லியது.

இந்தக் கட்டத்தில் திரை வேலை செய்யாது என்பதால், இயந்திரம் வேறு வழியில் பேச முயல்கிறது. 1981இல் வந்த ஐபிஎம் பிசி, எல்லாம் சரி என்றால் ஒரு குறுகிய 'பீப்' கொடுக்கும். கோளாறு என்றால் பீப்களின் எண்ணிக்கையும் நீளமும் மாறும். இன்று பல மதர்போர்டுகளில் ஸ்பீக்கரே இல்லை. அதற்குப் பதில் பிராசஸர், ரேம், டிஸ்ப்ளே, பூட் என நான்கு குட்டி விளக்குகள் இருக்கின்றன. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். ஹெச்பி லேப்டாப்பில் கேப்ஸ் லாக் விளக்கு கண்சிமிட்டும். டெல் லேப்டாப்பில் பேட்டரி விளக்கு இரண்டு நிறங்களில் மாறி மாறி மின்னும். எத்தனை முறை என்று எண்ணி, அந்த மாடலின் கையேட்டோடு ஒப்பிட்டால் பழுதான பாகத்தின் பெயரே கிடைத்துவிடும். மொபைலில் அதை வீடியோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் மெக்கானிக்கின் நேரத்தையும் தங்கள் பணத்தையும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

அடுத்து, மதர்போர்டில் பதித்திருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரி. சில பத்து ரூபாய்ச் சாமான்தான். அது தீர்ந்துபோனால் தேதியும் நேரமும் பல வருடங்கள் பின்னால் போய்விடும். வங்கி இணையதளங்கள்கூட 'பாதுகாப்பில்லை' என்று திறக்க மறுக்கும். சில இயந்திரங்களில் ஹார்ட் டிஸ்க்கை எந்த முறையில் படிக்க வேண்டும் என்ற அமைப்பும் மாறிவிடும். அப்போது டிஸ்க் நன்றாக இருந்தும் விண்டோஸால் அதைப் படிக்க முடியாமல் நீலத்திரை வரும். ஒரு பேட்டரியை மாற்றி, ஓர் அமைப்பைத் திருத்த வேண்டிய இடத்தில் புது ஹார்ட் டிஸ்க் வாங்கியவர்கள் உண்டு.

லோகோவைத் தாண்டி, சுற்றும் புள்ளிகள் வந்த பிறகு விழுந்தால், கதை விண்டோஸுக்குள் வந்துவிட்டது. இங்கேதான் பலரும் வெறுக்கும் நீலத்திரை. என் பார்வையில் அது கெட்ட பெயர் வாங்கிய நல்ல பாதுகாவலன்.

பிராசஸரில் இரண்டு வகை அதிகாரம் உண்டு. வேர்டு, பிரவுசர் போன்ற மென்பொருள்கள் அதிகாரம் குறைந்த நிலையில் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டால் விண்டோஸ் அதை மட்டும் மூடிவிடும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். கெர்னல் எனப்படும் மையப் பகுதியும், அதோடு சேர்ந்து ஓடும் டிரைவர்களும் முழு அதிகாரத்தில் இருப்பவை. அங்கே ஒரு டிரைவர் தப்பான முகவரியைத் தொட்டுவிட்டால், அதற்கு முன்பே எதையெல்லாம் கெடுத்து வைத்திருக்கிறது என்று விண்டோஸுக்குத் தெரிய வழியில்லை. தொடர்ந்து ஓடினால் கெட்டுப்போன தகவலை நம் கோப்புகளின் மேலேயே எழுதிவிடலாம். அதனால் கிடைத்த தடயத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு, தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. 1993இல் வந்த விண்டோஸ் என்.டி. 3.1 தொட்டு இந்த ஏற்பாடு இருக்கிறது.

2024 ஜூலை 19 காலையில் உலகம் முழுக்க இதைப் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், நம் நேரப்படி காலை 9.39க்கு, தன் 'ஃபால்கன்' மென்பொருளுக்கு ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பியது. புதிய வகைத் தாக்குதல்களை அடையாளம் காட்டும் விவரங்கள் அடங்கிய 291ஆம் எண் கோப்பு அது. அந்த வகை விவரங்களுக்கு 21 உள்ளீடுகள் என்று வரையறுத்திருந்தார்கள். அவற்றைக் கொடுக்க வேண்டிய நிரல் கொடுத்ததோ 20தான். அதுவரை அனுப்பிய கோப்புகளில் 21ஆவது இடத்தில் 'எதுவானாலும் சரி' என்று இருந்ததால் அதை யாரும் எடுத்துப் பார்க்கத் தேவை வரவில்லை. அன்று அனுப்பிய கோப்பு முதல் முறையாக அந்த 21ஆவதைக் கேட்டது. ஃபால்கனின் டிரைவர், இல்லாத இடத்துக்குப் போய்ப் படிக்க முயன்றது. கெர்னலுக்குள் நடந்த தவறு என்பதால் நீலத்திரை விழுந்தது.

தவறு தெரிந்து, அனுப்பிய 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் பாதிக்கப்பட்டுவிட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. மொத்த விண்டோஸ் இயந்திரங்களில் அது 1 சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனால் அவை விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் இருந்தவை. ஹைதராபாத் விமான நிலையத்தில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் ஐந்து நாட்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது.

திரும்பப் பெற்ற பிறகும் இயந்திரங்கள் ஏன் எழவில்லை? அந்த டிரைவர் விண்டோஸ் தொடங்கும்போதே ஏறிவிடும் வகை. வைரஸுக்கு முன்னால் தான் இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் டிரைவர் ஏறும், கெட்ட கோப்பைப் படிக்கும், விழும். திருத்திய கோப்பை இணையத்திலிருந்து எடுக்க நேரமே கிடைக்காது. சில இயந்திரங்களில் மட்டும் நெட்வொர்க் சற்று முந்திக்கொண்டது. அதனால்தான் தன் கிளவுடில் இருந்த இயந்திரங்களைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்யச் சொன்னது மைக்ரோசாஃப்ட். சிலருக்கு 15 முறை வரை தேவைப்பட்டதாம். மற்ற இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னாலும் உட்கார்ந்து, அத்தியாவசிய டிரைவர்கள் மட்டும் ஏறும் சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பைக் கையால் அழித்தார்கள். ஃபார்மட் தேவைப்படவில்லை. எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்ததால் வந்த தீர்வு அது.

நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இதே வழி செல்லும். தொடங்கும்போது அடுத்தடுத்து விழுந்தால் விண்டோஸ் தானாகவே பழுதுநீக்கும் திரையைக் காட்டும். சேஃப் மோடு அதற்குள் இருக்கிறது. சேஃப் மோடில் நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் அடிப்படை வன்பொருளைவிட, கடைசியாகச் சேர்த்த டிரைவர் அல்லது அப்டேட் மேல்தான் சந்தேகம் போக வேண்டும். விண்டோஸ் எழுதி வைத்த தடயங்கள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் தேதிவாரியாக இருக்கும். ப்ளூஸ்கிரீன்வியூ போன்ற இலவச மென்பொருளில் திறந்தால் பிழையின் பெயரும், அப்போது மாட்டிக்கொண்ட டிரைவரின் பெயரும் தெரியும். ஒவ்வொரு முறையும் அதே பிழை, அதே டிரைவர் என்றால் ஆள் அகப்பட்டுவிட்டான். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு பிழை, வெவ்வேறு பெயர் என்றால் ரேமைச் சந்தேகியுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளைப் போட்டு ஓர் இரவு ஓட விடுங்கள்.

நினைவகத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியத்தில் நடந்ததைச் சொல்வார்கள். 2003 தேர்தலில் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த ஸ்கார்பேக் பகுதியில் ஒரு வேட்பாளருக்கு மின்னணு எண்ணிக்கையில் 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. இரண்டின் 12ஆம் அடுக்கு அது. ஒரு பிட் பூஜ்யத்திலிருந்து ஒன்றாகப் புரண்டால் சரியாக அவ்வளவுதான் கூடும். விண்வெளியிலிருந்து வரும் கதிர்த்துகள் புரட்டியிருக்கலாம் என்பது ஓர் ஊகம். வாக்குகளைத் திரும்ப எண்ணிச் சரிபார்க்கலாம். கெர்னலில் ஒரு பிட் புரண்டால் மிஞ்சுவது நீலத்திரையாக இருக்கலாம்.

நீலத்திரையே இல்லாமல், கேம் ஆடும்போதோ வீடியோ எடிட் செய்யும்போதோ பட்டென்று அணைகிறதா? விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவைப் பார்த்துவிட்டு இதுதான் பழுது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். 'போன தடவை ஒழுங்காக அணைக்கப்படவில்லை' என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. இந்த மாதிரிச் சமயத்தில் பார்க்க வேண்டியவை சூடும் மின்சாரமும். ஹீட் சிங்கில் அடைத்த தூசி, காய்ந்துபோன பேஸ்ட், சுமை தாங்காத எஸ்.எம்.பி.எஸ்., தளர்ந்த யூபிஎஸ் பேட்டரி. பழைய போர்டுகளில் உருளை வடிவக் கெபாசிட்டர்களின் தலையையும் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ காரணம் கிடைத்துவிட்டது. 2000களின் தொடக்கத்தில் தரமற்ற மின்பகு திரவம் கொண்ட கெபாசிட்டர்களால் உலகமெங்கும் ஏராளமான மதர்போர்டுகள் இப்படிப் போயின.

இத்தனையையும் பார்க்காமல் "ஃபார்மட் போட்டுடலாம்" என்று ஆரம்பிப்பது எனக்குப் பெரும் வருத்தம் தரும் பழக்கம். தடயமும் போகிறது, பிள்ளைகளின் புகைப்படமும் போகிறது; பழுது ரேமிலோ பவரிலோ இருந்தால் அடுத்த வாரம் அதே நீலத்திரை திரும்ப வருகிறது. விண்டோஸ் திறக்காவிட்டாலும் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும். லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி அவற்றைப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க்கே தேய்ந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் செக்டிஸ்க் போன்ற சோதனைகளைப் பிரதி எடுத்த பிறகே ஓட்ட வேண்டும். சாகும் தறுவாயில் உள்ள டிஸ்க்கை மணிக்கணக்கில் படிக்க வைப்பதே அதை முடித்துவிடக்கூடும்.

கோப்புகளை இப்படிப் பிரதி எடுப்பதற்கு இப்போது ஒரு நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நிறுவப்படும் புதிய விண்டோஸ் 11 இயந்திரங்களில் பெரும்பாலும் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்படுகிறது. கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும், பென் டிரைவிலிருந்து திறந்தாலும் அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க பிட்லாக்கர் எண்ணைக் கேட்கும். கிரவுட்ஸ்டிரைக் நாளில் பல அலுவலகங்கள் திணறியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில், சாதனங்கள் பகுதியில் இருக்கும். கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடும்போதே அதை எடுத்து ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே சேமித்து வைக்காதீர்கள்.