வளைந்த திரையும் பார்வைக் கணக்கும்

1975இல் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கை கால் அசையாதவர்களுக்கும் கண் பெரும்பாலும் அசையும். அந்த அசைவே கணினியை இயக்கப் போதும். சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பின் மாணவர்களுக்காகப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பிரதீப்த பிஸ்வாஸ் குழு, பார்வையால் இயங்கும் எந்திரக் கையை உருவாக்கி 2020இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டது. துணியில் அச்சுப் பதிக்கும் வேலைக்கு அது பயன்பட்டது.

பார்வையைப் பின்தொடரும் கருவிகளில் பெரும்பாலானவை அகச்சிவப்பு ஒளியை முகத்தின் மேல் வீசுகின்றன. கருவிழிப் படலத்தில் அது சிறு புள்ளியாக மினுங்கும். கண்பாப்பாவின் மையம் அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வைத்துப் பார்வையின் திசை கிடைத்துவிடும். நம்மவர்களின் அடர்பழுப்புக் கண்ணில் சாதாரண வெளிச்சத்தில் பாப்பாவைப் பிரித்தறிவதே கடினம். அகச்சிவப்பில் பளிச்சென்று தெரியும்.

திசை கிடைத்தபின், அந்தக் கோடு திரையை எங்கே தொடுகிறது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பல மென்பொருள்கள் திரை தட்டையானது என்று வைத்துக்கொள்கின்றன. 80 செ.மீ. அகலமுள்ள ‘1500 ஆர்’ வளைந்த திரையை எடுத்துக்கொள்வோம். 1,500 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு அது. நடுப்பகுதியைவிட ஓரங்கள் 5 செ.மீ. முன்னே வந்திருக்கும். 60 செ.மீ. தள்ளி அமர்ந்து ஓரத்தைப் பார்த்தால், தட்டைக் கணக்கு 3 செ.மீ.க்கும் மேல் தப்பிப்போகும். திரை விசைப்பலகையில் அது பக்கத்து எழுத்து. தொடக்கத்தில் ஒன்பது புள்ளிகளைப் பார்க்கச் சொல்லி இந்தப் பிழையை ஓரளவு ஈடுகட்டலாம்; தலை கொஞ்சம் நகர்ந்தாலும் அந்த ஈடு குலைந்துவிடும்.

கழுத்தைத் திருப்ப முடியாதவருக்குத்தான் வளைந்த திரை அதிகம் பொருந்தும், ஓரங்கள் அவரை நோக்கித் திரும்பியிருப்பதால். அவருக்கே கணக்கு பிழைப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. தீர்வும் கடினமானதல்ல. பார்வைக் கோட்டைத் தளத்தோடு வெட்டாமல் உருளையோடு வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தை நேர்க்கோட்டில் அளக்காமல் வில்லின் வழியே அளக்க வேண்டும். கூடுதலாகத் தேவைப்படுவது திரையின் ஆரம், அது பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும். அந்த எண்ணைக் கேட்டு வாங்காத மென்பொருளோடு பயன்படுத்த, இப்போதைக்குத் தட்டைத் திரையே வாங்கலாம்.