ஜெனரேட்டர் போல்ட்டுக்கும் ஒரு தராசு!

அரிசியை நிறுக்கத் தராசு வைத்திருக்கிறோம். எண்ணெயை அளக்க லிட்டர் அளவை வைத்திருக்கிறோம். இரண்டிலும் அரசு முத்திரை இருக்கிறது. கைத்தூக்கில் பார்த்துவிட்டு, "சரியாகத்தான் இருக்கும்" என்று எந்த வாடிக்கையாளருக்கும் நாம் சரக்குக் கட்டிக் கொடுப்பதில்லை. ஆனால் கடையின் பின்புறம் நிற்கும் ஜெனரேட்டரின் பிளக்கையும் போல்ட்டையும் முறுக்கும்போது மட்டும் கை உத்தேசமே போதும் என்று இருந்துவிடுகிறோம்.

2012ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டு நாட்களைத் தமிழகத்து வணிகர் யாரும் மறந்திருக்க முடியாது. பால், தயிர், ஐஸ்கிரீம் வைத்திருக்கும் கடைக்குச் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் எத்தனை பெரிய துணை என்பதை அப்போது கண்டோம். அந்த எஞ்சினைப் பராமரிக்க உதவும் கருவிதான் டார்க் ரெஞ்ச். போல்ட் எவ்வளவு இறுக்கமாக முறுக்கப்படுகிறது என்பதை அளந்து காட்டும் ஸ்பேனர் அது. நம்மில் பலர் சிறு பழுதுகளைத் தாமே பார்த்துக்கொள்கிறோம். சிலர் ஹார்டுவேர் சரக்கும் விற்கிறோம். ஆகவே இதை வாங்கும் முறையை அறிந்திருப்பது நல்லது.

ஏன் அளவு வேண்டும்?

சிறிய எஞ்சின்களின் சிலிண்டர் ஹெட் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. பிளக்கும் போல்ட்டும் இரும்பு. இரும்பை மிகையாக முறுக்கினால் அலுமினியத்தின் மரை அறுந்துவிடும். பிறகு லேத் பட்டறைக்கு அலைச்சல், கூலி, இரண்டு நாள் வியாபார இழப்பு. குறைவாக முறுக்கினாலோ கேஸ்கெட் வழியே கம்ப்ரெஷன் கசியும். உள்ளே கனெக்டிங் ராடு போல்ட் தளர்ந்துவிட்டால், ராடு உடைந்து எஞ்சின் கூட்டையே பிளந்துவிடலாம். அளவுக்கு மிஞ்சினாலும் நஷ்டம், குறைந்தாலும் நஷ்டம்.

முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் குறிப்பார்கள். பலரும் அறிந்த ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதில் கனெக்டிங் ராடு போல்ட்டுக்கு 12, ஸ்பார்க் பிளக்குக்கு 18, சிலிண்டர் ஹெட் போல்ட்டுக்கு 24 நியூட்டன் மீட்டர். எல்லாம் சிறிய அளவுகளே. உங்கள் எஞ்சின் வேறு என்றால் அதன் கையேட்டைப் பார்த்தே முறுக்க வேண்டும்.

கையேட்டில் எந்த அலகு போட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். 1 கிலோ மீட்டர் விசை என்பது 9.8 நியூட்டன் மீட்டர். 1 அடி-பவுண்டு என்பது 1.36 நியூட்டன் மீட்டர். 18 நியூட்டன் மீட்டர் என்பதை 18 அடி-பவுண்டு என்று எடுத்துக்கொண்டால் முறுக்கு 24 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடும்.

பெரியது வாங்கினால் லாபமா?

இங்கேதான் பணம் வீணாகிறது. கார் சக்கர நட்டுக்கு உரிய 40 முதல் 200 வரை அளவுள்ள ரெஞ்சைக் காட்டி, "எல்லா வேலைக்கும் ஆகும்" என்பார்கள். அதில் 18 என்ற அளவே கிடையாது. மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஏலக்காய் நிறுக்க முடியுமா? பொதுவாக ஒரு ரெஞ்ச், தன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேதான் நம்பத்தக்க அளவைக் காட்டும். எனவே 10 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை உள்ள சிறிய ரெஞ்ச் நம் வேலைக்குப் போதும். மேலே சொன்ன மூன்று அளவும் அதற்குள் அடங்கிவிடும். ஃப்ளைவீல் நட்டு போன்ற பெரிய அளவு வேலைகளைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடலாம்.

எந்த வகை?

விலையில் எளியது முள் வகை. ஒரு கம்பி வளைய, முள் அளவைக் காட்டும். உள்ளே கெட்டுப்போகும் ஸ்பிரிங் இல்லை. முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் முள்ளுக்கு நேராகக் கண்ணை வைத்துப் படிக்க வேண்டும். இடுக்கான இடத்தில் இது சிரமம்.

அடுத்தது 'கிளிக்' வகை. அளவை வைத்து முறுக்கினால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும். இடுக்கில் வேலை செய்ய வசதி. ஐ.எஸ்.ஓ. 6789 தரப்படி, உச்ச அளவு 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட கிளிக் ரெஞ்சில் 4 சதவீதம் வரை கூடுதல் குறைவு அனுமதிக்கப்படுகிறது. வாங்கும்போது, அந்தச் சதவீதம் வைத்த அளவுக்கா, உச்ச அளவுக்கா என்று கேளுங்கள். 50 அளவுள்ள ரெஞ்சில் உச்ச அளவுக்கு 4 சதவீதம் என்றால் 2 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். 12 வைத்து முறுக்கும் இடத்தில் அது பெரிய பிசகு. அளவுச் சான்று அட்டை பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைத் தராசே சாட்சி

மலிவான ரெஞ்ச் வாங்கினாலும் அது மெய் சொல்கிறதா என்று பார்க்கும் வசதி, மற்ற எவரையும்விட நமக்கு அதிகம். முத்திரையிட்ட தராசு நம்மிடமே இருக்கிறதே!

ரெஞ்சின் சதுர முனையை பெஞ்ச் வைஸில் இறுக்குங்கள். கைப்பிடி உங்கள் வலப்பக்கம் மட்டமாக நீண்டிருக்கட்டும். பையோடு சேர்த்துச் சரியாக 10 கிலோ வரும்படி அரிசியை நிறுத்து, கைப்பிடியின் நடுவில் மெல்லத் தொங்கவிடுங்கள். சதுர முனையின் மையத்திலிருந்து பை தொங்கும் இடம் 25 சென்டிமீட்டர் என்றால், விசை 24.5 நியூட்டன் மீட்டர்.

ரெஞ்சின் சொந்த எடையையும் சேர்க்க வேண்டும். அது 600 கிராம் என்றும், விரல்மேல் வைத்தால் சமநிலையாக நிற்கும் இடம் சதுர முனையிலிருந்து 12 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். அது தருவது 0.7. ஆக மொத்தம் 25.2. இப்போது பையை எடுத்துவிட்டு அளவை 27இல் வையுங்கள். ஒவ்வொன்றாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் பையைத் தொங்கவிடுங்கள். 26க்கும் 24க்கும் இடையே 'டக்' என்றால் ரெஞ்ச் நல்லது. 22 வரை இறங்கியும் சத்தம் வரவில்லை என்றால், ரசீதோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

பேணும் முறை

வேலை முடிந்ததும் கிளிக் ரெஞ்சை அதன் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் தளரும். முதல் 'டக்'கோடு நிறுத்திவிட வேண்டும். இறுகிய போல்ட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்தக் கூடாது. கையேடு சொன்னாலன்றி மரையில் எண்ணெய் தடவக் கூடாது. எண்ணெய் பட்ட மரையில் அதே அளவு முறுக்கும் போல்ட்டை மிகையாக இழுத்துவிடும்.

நம் மின்னணுத் தராசுக்கு 12 மாதத்திற்கு ஒருமுறை முத்திரை புதுப்பிக்கிறோம். டார்க் ரெஞ்சுக்கும் 12 மாதம் அல்லது 5,000 முறுக்கு, இதில் எது முந்துகிறதோ அப்போது சோதனை என்பதே பொதுவான வழக்கம். தராசைச் சோதனைக்குக் கொண்டுபோகும் வாரத்திலேயே ரெஞ்சுக்கும் ஓர் அரிசிப் பையைத் தொங்கவிட்டுப் பார்த்துவிடுங்கள். கால் மணி நேர வேலை. கோடையில் ஒரு நாள் ஜெனரேட்டர் நின்று குளிர்பெட்டிச் சரக்கு பாழானால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால், அந்தக் கால் மணி நேரம் பெரிதல்ல.