தாயின் மனநலமும் களப்பணியாளரும்

பிள்ளை பெற்ற வீட்டிற்குச் செல்லும் களப்பணியாளர் குழந்தையை நிறுத்துப் பார்க்கிறார். தொப்புளைக் கவனிக்கிறார். தாய்க்குக் காய்ச்சல் உண்டா, உதிரப்போக்கு மிகுதியா என்று விசாரிக்கிறார். இவை யாவும் இன்றியமையாதவையே. ஆனால் "நீ தூங்கினாயா, கண்ணு?" என்று அத்தாயைக் கேட்போர் அரியர். அக்கேள்விக்குக் கிடைக்கும் விடை சில சமயங்களில் ஓர் உயிரைக் காக்க வல்லது.

பிரசவத்திற்குப் பின் மூன்றாம் நான்காம் நாட்களில் காரணமின்றி அழுகை வருவதும் எரிச்சல் தோன்றுவதும் இயல்பு. இரண்டு வாரத்திற்குள் இது தானே தணிந்துவிடும். தணியாமல் நீடித்து, உணவிலும் உறக்கத்திலும் குழந்தையிடத்தும் நாட்டம் குன்றினால், அது சோர்வு நோயாக இருக்கலாம். இந்நோய் கருவுற்றிருக்கும்போதே தொடங்குவதும் உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் தமிழகக் கிராமப்புறத்தில் ஆராய்ந்து 2002ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, பிரசவத்திற்குப் பின் புதிதாக இந்நோய்க்கு உள்ளானோர் 11 சதவிகிதம். குறைந்த வருவாய், ஆண் மகவை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் பிணக்கு, வேலையில் கைகொடுக்க ஆளில்லாமை ஆகியவை இதனோடு தொடர்புடையவையாகக் காணப்பட்டன. இவற்றுள் எதுவும் மாத்திரையால் மட்டும் தீர்வதன்று என்பதை வாசகர்கள் கவனிப்பார்களாக.

அப்படியானால், மனநல மருத்துவர் எட்டாத ஊர்களில் இத்தாய்மாருக்கு உதவுவது யார்? பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் இதற்கு ஒரு விடை காணப்பட்டது. டாக்டர் ஆதிப் ரஹ்மானும் அவர் குழுவினரும், மனநலத் துறையில் எவ்வித முன்பயிற்சியும் பெறாத பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சில நாள் பயிற்சி அளித்தனர். பணியாளர் கர்ப்பத்தின் இறுதி மாதம் முதல் 16 முறை தாயின் இல்லம் சென்று உரையாடினார். 2008ஆம் ஆண்டு வெளியான முடிவு வியப்பூட்டுவது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, இவ்வுதவி பெற்ற தாய்மாருள் 23 சதவிகிதத்தினரே நோயுடன் இருந்தனர். பெறாதோருள் 53 சதவிகிதத்தினர். குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையெனினும், வயிற்றுப்போக்கு குறைந்தது.

பயிற்சியின் சாரம் எளிது; கைவரப் பெறுவதுதான் கடினம். முதலாவது, இடைமறியாமல் கேட்டல். "எல்லாம் சரியாகிவிடும், கவலைப்படாதே" என்று சொல்வது அறிவுரையே அன்றி உதவி ஆகாது. அடுத்து, "நான் நல்ல தாய் அல்லேன்" என்பன போன்ற எண்ணங்களைத் தாயே இனங்காணச் செய்து, மாற்று எண்ணத்தை எடுத்துக்காட்டி, அடுத்த வருகைக்குள் செய்யத்தக்க ஒரு சிறு செயலை உடன்பட்டுத் தீர்மானித்தல். மாதந்தோறும் பணியாளர்கள் கூடி, மேற்பார்வையாளரிடம் தம் இடர்ப்பாடுகளைக் கூறினர். இக்கூட்டம் இல்லாத பயிற்சி நிலைக்காது என்பது எம் கருத்து. கோவாவில் அவ்வூர்ப் பெண்களையே கொண்டு நடத்தி 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில் பலன் மிதமாகவே இருந்தது: ஆறாம் மாதத்தில் குணமடைந்தோர் 73 சதவிகிதம், ஒப்பிட்ட பிரிவில் 60. இது மந்திரக்கோல் அன்று.

பாலக்காடு–பொள்ளாச்சி இருப்புப்பாதையிலுள்ள மீனாட்சிபுரம் போன்ற எல்லை ஊர்களில் இப்பணிக்கு இரு தனித் தடைகள் எழக்கூடும். கேரளத்தில் 'அம்ம மனஸ்' என்னும் திட்டத்தின்கீழ்த் தாய்மாரின் மனநலம் கவனிக்கப்படுகிறது. எனினும் வீட்டில் தமிழ் பேசும் தாய், தன் துயரை மலையாளப் படிவத்தின் சொற்களுக்குள் அடக்க இயலாது தவிக்கலாம். பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவம் தக்கதா என்று 2005ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து வெளியிடப்பட்டுள்ளது, அதனைப் பயன்படுத்தலாம். இரண்டாவது, தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் வழக்கம். கர்ப்பகாலத்தில் பழகிய ஆஷா பணியாளர் ஒரு மாநிலத்தில், பிரசவத்திற்குப் பின் வீடு வருபவர் மற்றொரு மாநிலத்தில் என்றானால் தொடர்பு அறுந்துபோம். வளைகாப்பு முடிந்து அவள் புறப்படுமுன், தாயின் இசைவுடன் அவ்வூர்ப் பணியாளருக்குச் செய்தி அனுப்புதல் நலம். ஆசிரியர்களும் இதில் உதவக்கூடும். மூத்த குழந்தை பட்டினியாகவோ, தலைவாராமலோ தொடர்ந்து பள்ளி வருமாயின், வீட்டில் தாயின் நிலையை அங்கன்வாடிப் பணியாளர் வாயிலாகப் பரிவுடன் அறியலாம்.

பணியாளரின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஆயிரம் பிரசவத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரு வாரங்களில், உறக்கமே இன்றிப் பிதற்றலும் பொருந்தா ஐயமும் தோன்றும். 'காற்றுக் கருப்பு' என்று மந்திரிக்கக் காத்திராமல், அன்றே மருத்துவமனை சேர்க்க வேண்டிய நிலை இது. தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைத் தாய் வெளியிட்டாலும் அவ்வாறே. அவளைத் தனியே விடலாகாது. ஆலோசனைக்கு 2022ஆம் ஆண்டு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் இலவச எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் அழைக்கலாம்.

மருத்துவமனை என்றதும் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று வீட்டார் அஞ்சுவர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தாயின் நோயால் குழந்தைக்கு ஆபத்து நேரும் என்றாலன்றி, அல்லது குழந்தையின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் அது தேவை என்று மருத்துவர் கருதினாலன்றி, மூன்று வயதிற்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கலாகாது. இதனை மாமியாருக்கும் கணவருக்கும் முதலிலேயே எடுத்துரைத்தால், அவர்கள் வண்டி பிடிக்க இசைவது எளிதாகும்.